தானாகப் பெரிதாகும் எழுத்து

அத்தியாயம் 6

பேயைப் பற்றிப் புகார் கொடுக்க வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வருவார்கள். காணாமல்போன நகைக்கும் ஓடிப்போன கணவனுக்கும் காலைநேரம். பேய் என்றால் மட்டும் நான் டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கும் நேரம். இது என் அனுபவம். நம்பாதவர்கள் எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அலுவலகம் என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் எங்கள் மேஜை நடுங்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி. ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் மேனேஜரையே பிடித்துவிட்டதால் வெளியே வந்து சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தார். இந்தப் பக்கம் நான், அவருடைய கொழுந்தன். ஸ்கூட்டர் ஓட்டுவதும் வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பதும் என் பொறுப்பு. என் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். அதனால் அண்ணிக்கு அதட்ட என்னை விட்டால் ஆள் கிடையாது.

அன்று வந்தது ஒரு பெண். பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த வயது. லேப்டாப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மட்டும் மேஜைமேல் வைத்துத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டாள்.

"எங்க அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகுது மேடம்," என்றாள். "இப்ப எனக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கான்."

என் அண்ணன் உயிரோடு இருந்தே ஒரு வரி எழுதிப்போட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு டப்பாவையும் மூடினேன்.

விஷயம் இதுதான். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள், அவனைப் பெரியவன் என்பார்கள். அப்பாவுக்குக் கட்டுமானக் கம்பெனியில் வேலை. பெரியவன் மழை நாளில் பைக்கில் சறுக்கி விழுந்தான். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அவனுடைய போன் கிடைக்கவே இல்லை. இப்போது சின்னவள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை வைக்க வேண்டும்: உங்கள் வாழ்க்கையை மாற்றிய ஒரு நிகழ்ச்சி. அவளுக்கு எழுத வேறு நிகழ்ச்சி இல்லை.

எழுத உட்கார்ந்தவள் ஏஐயைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். அதற்குப் பல்கலைக்கழகத்திலேயே அனுமதி உண்டு. யோசிக்க உதவி கேட்கலாம், பிழை திருத்தச் சொல்லலாம். அனுபவமும் வாக்கியமும் மட்டும் விண்ணப்பிக்கிறவருடையதாக இருக்க வேண்டும். அப்படித்தான் எழுதினேன் என்று உறுதியும் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்திருந்தாள். மறுநாள் காலையில் இன்டர்வியூ.

"மொதல்ல எழுத்துப்பிழை மட்டும்தான் பார்க்கச் சொன்னேன்," என்றாள். "அப்புறம் ஒரு வரி நல்லா வரலைன்னு அதையே மாத்தச் சொன்னேன். அது மாத்தினது என்னோடதைவிட நல்லா இருந்துச்சு. அப்புறம் அடுத்த வரி. கடைசியில, நீயே முழுசா எழுதிடுன்னுட்டேன். அண்ணனைப் பத்தி ரெண்டு மூணு விஷயம்தான் சொன்னேன் மேடம். அது பக்கம் பக்கமா எழுதுச்சு."

அண்ணி கட்டுரையின் அச்சுப்பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் உன்னுடைய வரி எது என்று கேட்டார். சின்னவள் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தேடினாள். மேலே எழுதியிருந்த தன் பெயரைத் தவிர அவளால் வேறெதையும் காட்ட முடியவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அவளைப் பயமுறுத்தியது கடைசிப் பத்தி. அண்ணி அதை வாய்விட்டுப் படித்தார்.

"வாசலில் வந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, என்னை அண்ணாந்து பார்ப்பான். காற்றடிக்கும்போது நான் உட்கார்ந்திருக்கும் இடம் மெல்ல ஆடும். அவன் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தால் அந்த ஆட்டம் எனக்குத் தெரியாது. கடைசியாக அவன் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. கையில் வேலை இருந்தது. முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி மேஜை நடுங்கியது.

இதில் எதையுமே அவள் சொல்லவில்லையாம். அண்ணன் கடைசியாக யாரையாவது கூப்பிட்டானா என்பதே அவளுக்குத் தெரியாது. அவளைக் கூப்பிடவில்லை. கட்டுரை நன்றாக வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியில் கடைசிப் பத்தியைக்கூடச் சரியாகப் படிக்காமல் அனுப்பிவிட்டு, அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். அம்மா படித்தாள். தாளைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அதுகிட்டயே கேட்டேன் மேடம். இது உனக்கு எப்படித் தெரியும்னு. 'இது நீங்கள் என்னிடம் சொன்னதுதான்'னு பதில் வருது. திரும்பத் திரும்பக் கேட்டேன். அதேதான் சொல்லுது." அவள் குரல் இறங்கியது. "இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமாவே கூப்பிட்டிருப்பானோ. நான்தான் எடுக்காம விட்டுட்டு மறந்துட்டேனோன்னு."

அண்ணன் உயிரோடிருந்தபோது இந்த ஏஐயைப் பயன்படுத்தினானா என்று கேட்டேன். இல்லை, அவன் போன பிறகுதான் லேப்டாப்பே வாங்கினார்களாம். என் முதல் யோசனை அங்கேயே படுத்துவிட்டது.

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார் அண்ணி. சின்னவள் திறந்தாள். திறந்தவள் நாற்காலியோடு பின்னுக்குப் போனாள். திரையில் எழுத்தெல்லாம் கடைப் பலகை அளவுக்குப் பெரிதாக இருந்தது. நேற்று மாலை சின்னதாக்கி மூடிவைத்தாளாம். அதற்குப் பிறகு திறக்கவே இல்லையாம். தினமும் இப்படித்தான், தானாகவே பெரிதாகிவிடுகிறதாம்.

"அண்ணனுக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாது," என்றாள் மெதுவாக. "அவன்தான் போன்ல எப்பவும் எழுத்தைப் பெரிசாக்கி வெச்சுப் படிப்பான்."

பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. இருந்தும் நான் கதவைத் திரும்பிப் பார்த்ததை மறைக்க மாட்டேன்.

அண்ணி மட்டும் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகக் கேட்டார்: "நாளைக்குக் காலையில இன்டர்வியூன்னு சொன்ன. இந்தப் பத்தியைப் பத்தி அங்க கேப்பாங்க. இது உனக்கு நடக்கலைன்னு நான் நிரூபிச்சா அம்மா நம்புவாங்க. ஆனா நீ எழுதலைங்கறதும் அதோட நிரூபணம் ஆயிடும். ஒண்ணை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்க முடியாது. பரவாயில்லையா?"

சின்னவள் லேப்டாப்பை மூடினாள். எல்லோரும்தானே இப்படி எழுதுகிறார்கள் என்று ஏதோ முனகினாள். எல்லோர் வீட்டிலும் அம்மா பேசாமல் இருக்கிறாளா என்று அண்ணி கேட்டார். நாங்கள் கிளம்பினோம்.

அவள் பஸ்ஸில் போனாள், நாங்கள் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். வழியில் நான் வழக்கை முடித்துவிட்டேன். ஒரே லேப்டாப், ஒரே கணக்கு, பாஸ்வேர்டு மூடிமேலேயே ஒட்டியிருக்கிறது. வீட்டில் சீப்பு ஒன்று, சோப்பு ஒன்று என்பதுபோல ஏஐயும் ஒன்று. இந்த ஏஐ தன்னிடம் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளும். யார் சொன்னது என்று அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான். ஆக, வீட்டில் இன்னொருவர் அதனிடம் பேசியிருக்கிறார். அதைச் சின்னவள் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவள் கட்டுரையில் இறக்கிவிட்டது. அந்த இன்னொருவர் யார்? மகனை நினைத்து உருகும் அம்மாதான், வேறு யார்? பிறகு மகள்மேல் கோபப்படுவது கண்துடைப்பு.

"எப்படி அண்ணி?" என்று பெருமையோடு கேட்டேன்.

"பாதி சரி," என்றார். "எந்தப் பாதின்னு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

வீடு தரைத்தளத்தில் இருந்தது. முன்னறையில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுக்கிறாள். சின்ன உடம்பு, குனிந்த முதுகு. எங்களை மரியாதையாக உட்காரச் சொன்னாள். பிறகு, சின்னவள் பக்கத்திலேயே நிற்க, என்னைப் பார்த்து, "தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க அவளை," என்றாள். நான் வாய் திறப்பதற்குள் சின்னவள் எடுக்கப் போய்விட்டாள். அது அந்த வீட்டில் பழகிப்போன காரியம் என்று அவள் போன விதத்திலேயே தெரிந்தது.

பெரியவனின் அறை திறந்தே இருந்தது. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. ஆணியில் ஒரு நீலச்சட்டை, இஸ்திரி போட்டு, காலர் பட்டன் வரை போட்டு மாட்டியிருந்தது. வாரம் ஒருமுறை எடுத்துத் துவைத்துத் திரும்ப மாட்டுகிறாளாம். உடுத்த ஆளில்லாத சட்டையில் எப்படி அழுக்குப் படியும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அண்ணி கேட்டதற்கெல்லாம் அம்மா ஒளிக்காமல் பதில் சொன்னாள். தனக்குக் கம்ப்யூட்டர் தொடத் தெரியாது என்றாள். தொட வேண்டிய அவசியமும் இல்லை என்றாள்.

"விடியக்காலையில அவன் ரூம்ல டைப் அடிக்கிற சத்தம் கேக்கும்ங்க. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. இவர் அதுக்கு முன்னாடியே எழுந்து வேலைக்குப் போயிடுவார், படுக்கையில பக்கத்துல இருக்க மாட்டார். இவளும் தூங்கிட்டு இருப்பா. நான் கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தா போயிடுவான்." மெஷினில் இருந்த துணியை நீவிவிட்டாள். "எங்கிட்ட சொல்ல முடியாததை அதுகிட்டச் சொல்லியிருக்கான். கூப்பிட்டேன், இவ எடுக்கலைன்னு."

சின்னவள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, நான் இல்லம்மா," என்றாள். அம்மா ஊசியை எடுத்தாள்.

வானம் மூடியிருந்தது, விளக்குப் போடவில்லை. கறுப்பு நூலை ஈரப்படுத்தி, ஊசியின் காதில் ஒரே தடவையில் கோத்துவிட்டாள். கண்ணாடி இல்லை, ஊசியை முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. அண்ணி என் முழங்கையில் இடித்தார். இந்தக் கண்ணுக்குக் கடைப் பலகை அளவு எழுத்து எதற்கு? என் வழக்கு இரண்டாம் முறையும் படுத்தது.

அண்ணி பெரியவனின் அறைக்குள் போனார். நானும் சின்னவளும் பின்னால் போனோம். அங்கே ஒரு ஜன்னல், அதற்குக் கீழே ஒரு மேஜை. ஜன்னல் வழியாக இரண்டு மூன்று தெருவுக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடம் தெரிந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு கிரேன், மஞ்சள் நிறத்தில், நீளமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

"உங்க அண்ணன் உன்னைவிட உயரமா?" என்று அண்ணி கேட்டார்.

ஒரு தலை உயரம் என்றாள் சின்னவள்.

"அப்ப உன்னை எதுக்கும்மா அவன் அண்ணாந்து பார்க்கணும்? வீடு தரைத்தளம். மாடிகூட இல்ல. அம்மா உக்கார்ந்து தைக்கிறவங்க, அவங்களையும் குனிஞ்சுதான் பார்க்கணும். காத்தடிச்சா ஆடற இடம் இந்த வீட்டுல எங்க இருக்கு?"

ஊஞ்சலாக இருக்கலாம் என்றேன். அங்கே ஊஞ்சல் இல்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். அண்ணி ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா கட்டுமானக் கம்பெனியிலன்னு சொன்னியே. அங்க என்ன வேலை?"

"கிரேன் ஓட்டறார்," என்றாள் சின்னவள். சொல்லி முடித்ததும் அவளும் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெரியவன்தான் அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவான் என்று பிறகு தானாகவே சொன்னாள். கேட்டில் நின்று கையசைத்துவிட்டு வருவானாம்.

அண்ணி அவள் தோளில் கைவைத்தார். "நான் காலையில கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

மதியத்தைக் காலை என்கிறாரே என்று திருத்தப் போனேன். சின்னவளின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"அம்மா பேசினா போதும் மேடம்," என்றாள் அவள். "காலேஜ் போனாப் போகட்டும்."

கட்டடம் எழும்பும் இடத்துக்கு நாங்கள் போனபோது வேலை முடியும் சமயம். தலைக்கவசம் போட்டவர்கள் தூசியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கேட்டில் நின்று நானும் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வந்து ஏணியில் இறங்க ஆரம்பித்தார். ஒரு கால், ஒரு கை, நிறுத்தம். பிறகு இன்னொரு கால். இறங்கி முடிக்க அத்தனை நேரம் ஆயிற்று. பார்க்கும் எனக்கே கால் வலித்தது.

"தம்பி," என்றார் அண்ணி, "அந்த வீட்டுல பேய் யாருன்னு தெரியுதா?"

"அப்பாதானே அண்ணி?"

"இல்ல. அந்தப் பொண்ணு. எதிர்லயே நிக்கிறா, பேசறா, தண்ணி கொண்டுவந்து கொடுக்கறா. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. செத்தவனுக்குச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டறாங்க."

எனக்குச் சொல்ல ஒரு நகைச்சுவையும் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அப்பா கீழே வந்து கையுறையைக் கழற்றினார். கழுத்தில் கயிறு கட்டிய படிக்கும் கண்ணாடி தொங்கியது. அண்ணி தன்னை அறிமுகம் செய்துகொண்டார். எதற்காக வந்தோம் என்று இன்னும் சொல்லவே இல்லை.

"கட்டுரை விஷயமா?" என்றார் அவர்.

நான் அண்ணியைப் பார்த்தேன். இதை அண்ணியும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. தன் நினைவு மகளின் கட்டுரையில் போய் விழுந்திருப்பது இந்த மனிதருக்குத் தெரியாது, மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அவருக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. அவருடைய மனைவி தாளைக் கீழே வைத்த அன்றைக்கு அவர் அதே அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாராம். மனைவி அங்கிருந்து நகர்ந்த பிறகு அந்தத் தாளை எடுத்துப் படித்தாராம். படித்ததுமே தன்னுடையது என்று தெரிந்துவிட்டது. ஏஐயிடம் பேசியதையெல்லாம் உடனுக்குடன் அழித்துவிடுவாராம். அழித்தால் அதற்கும் மறந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

சிமென்ட் மூட்டைகள் அடுக்கிய இடத்தில் அவர் உட்கார்ந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். கொக்கியில் பாரம் தொங்கும்போது போனைத் தொடக் கூடாது, அது அந்த வேலையின் முதல் பாடம். அன்றைக்கு இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே ஆட்கள் நின்றார்கள். போன் அடித்தது. மகன் பெயர் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. அண்ணி, எடுக்காமல் விட்டது சரிதானே, எடுத்திருந்தால் கீழே நின்றவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்றார்.

"அது எனக்கும் தெரியும்மா," என்றார். "பாரத்தை இறக்கி வெச்சேன். அப்புறமாவது கூப்பிட்டிருக்கணும்ல? ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடிச்சேன். நல்லா ஆறவெச்சு, பொறுமையாக் குடிச்சேன். அப்புறம் கூப்பிட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவன் விழுவதற்கு முன்னால் கூப்பிட்டானா, விழுந்து கிடந்து கூப்பிட்டானா, அதுதான் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல நா எழவில்லை. மகள் கட்டுரை எழுத உட்கார்வதைப் பார்த்தார். அந்த ஏஐ எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறது என்று புரிந்துகொண்டார். விடியற்காலையில் மகன் அறையில் உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித்தட்டி அதைக் கேட்டார்.

"தெரியாதுன்னு சொல்லுச்சு. சரி, என் பையன் மாதிரி பேசுன்னு சொன்னேன். பேசுச்சு. 'பரவாயில்லப்பா, உங்கமேல தப்பில்ல'ன்னுச்சு." தரையைப் பார்த்தபடி சொன்னார். "மறுநாளும் போய்க் கேட்டேன். தினமும் சொல்லுது. தினமும் கேக்கறேன். அவன் சொன்ன மாதிரி இல்லையேம்மா."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் தூசி விழுந்தது. கட்டட வேலை நடக்கும் இடம், தூசி விழத்தான் செய்யும்.

அண்ணி இரக்கப்படுவார் என்று நினைத்தேன். இரக்கம் இருந்தது, ஆனால் அதை ஓரமாக வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றார்.

"பாரம் தொங்கறப்போ போனை எடுக்காதது தப்பே இல்ல. டீ குடிச்சதும் மனுஷன் செய்யறதுதான். ஆனா அன்னைக்குத் தாளைப் படிச்சுட்டு, பேசாம சட்டையை மாட்டிக்கிட்டு வேலைக்கு வந்தீங்க பாருங்க, அதுக்கு அந்த மெஷின் மன்னிப்புக் கொடுக்காது. உங்க பாரம் இப்ப உங்க பொண்ணு தலைமேல தொங்குது. மேல உக்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

அவர் வெகுநேரம் கையுறையை மடித்துக்கொண்டிருந்தார். "சொன்னா அவ என் மூஞ்சில முழிக்க மாட்டா," என்றார், மனைவியை நினைத்து.

"இப்ப அவங்க பொண்ணு மூஞ்சில முழிக்கல. அது பரவாயில்லையா?"

அவர் எழுந்தார்.

ஸ்கூட்டரில் மூன்று பேர் போவது சட்டப்படி தவறு. அதனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் கை சுவரைத் தேடியது. தினமும் அவ்வளவு உயரம் ஏறி இறங்கும் மனிதர்.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்காராமல், மனைவிக்கு எதிரே நின்று, சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"அவளை இல்ல. அவன் என்னைத்தான் கூப்பிட்டான். எடுக்காதது நான். விடியக்காலையில டைப் அடிக்கிறதும் நான்தான்."

மெஷின் நின்றது. அம்மா முதலில் கணவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த அந்த அறையைப் பார்த்தாள். டீ வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் அவர் சொல்லி முடிக்கும் வரை அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட சத்தம் அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய மகன் இரண்டாம் முறை செத்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"அவன் இல்லையா," என்றாள்.

"இல்ல," என்றார் அவர்.

சின்னவள் அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பேசியதை முழுவதும் கேட்டிருந்தாள். அவரை ஒரு வார்த்தைகூடக் குற்றம் சொல்லவில்லை. நாங்கள் போயிருந்த நேரத்தில் அவள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டாளாம். அந்தக் கட்டுரை என்னுடையது இல்லை, ஏஐ எழுதியது, உறுதிமொழி கொடுத்தது தவறு என்று நேராகவே எழுதிவிட்டாள். மாலைக்குள் பதிலும் வந்திருந்தது. நாளைக்கு வரலாம், சொந்தமாக எழுதிய பக்கம் ஒன்றோடு வர வேண்டும், இடம் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மடியில் கோடு போட்ட ஒரு தாள் இருந்தது. பேனாவால் எழுதியது, பாதிக்கு மேல் அடித்திருந்தது.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். திரும்புவதற்கு அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"நான் இல்லன்னு எத்தனை தடவை சொன்ன நீ," என்றாள்.

சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். நூல் கோத்த அந்த விரல் வரிவரியாகக் கீழே இறங்கியது. கடைசிவரை போய்விட்டு மறுபடி மேலே வந்தது.

"இதுல அவன் எங்கயும் இல்லையே?"

"இது என்னைப் பத்திம்மா."

அம்மா கொஞ்சநேரம் தாளையே பார்த்தாள். பிறகு அதை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நீயே படி," என்றாள். "கேக்கறேன்."

அண்ணி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் செருப்பைத் தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு வாசலிலேயே நின்றேன். சின்னவள் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாத," என்றாள் அம்மா. "மேல படி."